பூம் நிற்கவில்லை என்றதும் சீல் கிட் வாங்காதீர்கள்: ஹைட்ரா கிரேனில் ஹைட்ராலிக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

"பூம் நிக்க மாட்டேங்குது", அதாவது கிரேனின் தூக்கும் கை தானாகக் கீழே இறங்குகிறது என்று சைட்டிலிருந்து போன் வந்தால், பல ஷெட்களில் முதல் வேலையே சீல் கிட்டுக்கு, அதாவது சிலிண்டருக்குள் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையங்களின் தொகுப்புக்கு, ஆர்டர் போடுவதுதான். சிலிண்டரை இறக்கி, பிரித்து, சீல் மாற்றி, திரும்ப ஏற்றுவதற்குள் வண்டியின் இரண்டு மூன்று நாள் வாடகை போய்விடும். அதன் பிறகும் பூம் இறங்கும். அடுத்து கண்ட்ரோல் வால்வு, அதற்கும் மசியவில்லை என்றால் பம்ப். கடைசியில் ஏதோ ஒன்று சரியாகிவிடும், எது சரியானது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு பிரஷர் கேஜ், ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு டேப், சாக்பீஸ், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். இவ்வளவு இருந்தால் ஸ்பானரை எடுக்கும் முன்பே பெரும்பாலான கோளாறுகளின் இடத்தைச் சொல்லிவிடலாம். நம் ஊரில் எங்கே பார்த்தாலும் ஓடும் 12 முதல் 15 டன் ஹைட்ராவை (லோடைத் தூக்கிக்கொண்டே நகரும் கிரேன்) வைத்தே இதை எழுதுகிறேன். அடுத்தடுத்து இணைத்த இரட்டை கியர் பம்ப், லீவர் வைத்த கண்ட்ரோல் வால்வு, பூமைத் தூக்கும் சிலிண்டர்கள், பூமுக்குள் அதை நீட்டி மடக்கும் ஒரு டெலஸ்கோப் சிலிண்டர், ஹூக்கின் கம்பியைச் சுற்றும் வின்ச்சுக்கு ஒரு ஹைட்ராலிக் மோட்டார் என்பதுதான் அதன் பொதுவான அமைப்பு. டிரக் கிரேனுக்கும் லாரியில் மாட்டிய கிரேனுக்கும் வழி இதேதான், பாகங்கள் மட்டும் கூடும். கீழே வரும் சிலிண்டர் அளவுகளும் பிரஷர்களும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகள். உங்கள் வண்டிக்கு அதன் மேனுவலில் இருப்பதுதான் சட்டம்.

கை வைக்கும் முன்

என்ஜினை ஆஃப் செய்தால் பிரஷர் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். தூக்கும் சிலிண்டரின் அடியில் ஹோல்டிங் வால்வு, அதாவது கவுன்டர்பேலன்ஸ் வால்வு இருக்கிறது. ஹோஸ் வெடித்தாலும் பூம் விழாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. அதனால் என்ஜின் நின்று ஒரு மணி நேரம் ஆனாலும், பூம் மேலே இருக்கும் வரை சிலிண்டருக்குள் முழு பிரஷர் அப்படியே இருக்கும். அந்த வால்வையோ அதற்கும் சிலிண்டருக்கும் இடையில் உள்ள எதையுமோ தளர்த்தினால் பூம் உங்கள் மேல்தான் வரும்.

ஆகவே வரிசை இது: லோடை இறக்குங்கள். பூமை முழுவதும் உள்ளே இழுத்து, கீழே இறக்கி, தாங்கியில் உட்கார வையுங்கள். என்ஜினை நிறுத்தி, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு, எல்லா லீவரையும் இரண்டு பக்கமும் பல முறை ஆட்டுங்கள். டேங்க் மூடியை மெல்லத் திறந்து உள்காற்றை விடுங்கள். அதற்குப் பிறகும் எந்த நட்டையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். கால் சுற்று தளர்த்தி, ஆயில் பீய்ச்சாமல் கசிகிறதா என்று பார்த்துத் தொடருங்கள்.

இன்னொன்று. ஹோஸில் ஊசித்துளை இருக்கிறதா என்று யாராவது கையால் தடவிப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள். அந்தத் துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் சின்னப் புள்ளிதான் தெரியும், வலி கூட அவ்வளவாக இருக்காது. சில மணி நேரத்தில் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால், வீக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு போங்கள். "ஹை பிரஷர் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

முதலில் ஆபரேட்டர், பிறகுதான் வண்டி

வண்டியோடு நாள் முழுக்க இருப்பவர் அவர். "என்ன அண்ணே பிரச்சினை?" என்று பொதுவாகக் கேட்டால் "தூக்க மாட்டேங்குது" என்று மட்டும் பதில் வரும். கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும்.

எல்லா வேலையும் மந்தமா, ஒன்று மட்டுமா? இதுதான் முதல் கேள்வி. எல்லாமே மந்தம் என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு: ஆயில், டேங்க்கிலிருந்து பம்புக்கு ஆயில் வரும் சக்‌ஷன் லைன், பம்ப், பிரஷர் அளவு மீறினால் திறந்து ஆயிலை டேங்க்குக்கு விடும் மெயின் ரிலீஃப் வால்வு. வின்ச் மட்டும் மந்தம் என்றால் வின்ச் மோட்டார், அதன் ஸ்பூல் (கண்ட்ரோல் வால்வுக்குள் லீவர் நகர்த்தும், ஆயிலுக்கு வழிவிடும் தண்டு), அதன் தனி ரிலீஃப், பிரேக். இரட்டை பம்ப் வண்டியில் நடுவில் ஒரு நிலையும் உண்டு. ஒரு பம்ப் செக்‌ஷனில் ஓடும் இரண்டு வேலைகள் மட்டும் மந்தமாகி, மற்றவை நன்றாக இருந்தால் அந்த ஒரு செக்‌ஷனைப் பாருங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது: மெதுவாகத் தூக்குகிறதா, தூக்கவே முடியவில்லையா? இரண்டும் வேறு. வேகம் என்பது ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் வருகிறது என்பதைப் பொறுத்தது. பலம் என்பது பிரஷர். பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை, ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். எதிரே லோடு நிற்கும்போதுதான் பிரஷர் ஏறுகிறது. லோடு இல்லாமல் சரியான வேகம், லோடு வைத்தால் மட்டும் மந்தம் என்றால் எங்கோ உள்ளுக்குள்ளேயே ஆயில் ஒழுகுகிறது. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மந்தம் என்றால் பம்புக்கு ஆயில் வந்து சேரவே இல்லை, அல்லது என்ஜின் வேகம் ஏறவில்லை.

மூன்றாவது: காலையில் நன்றாக இருந்து மதியம் கெடுகிறதா? இதை ஆபரேட்டர்கள் தவறாமல் கவனித்திருப்பார்கள். ஐஎஸ்ஓ விஜி 68 ஆயிலின் பிசுக்கு 40 டிகிரியில் 68 என்றால் 100 டிகிரியில் ஏறத்தாழ 8 முதல் 9க்குள் இறங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போக, தேய்ந்த இடைவெளிகளில் ஒழுக்கு கூடும். காலை நன்று, மதியம் மோசம் என்றால் அது தேய்மானம். காலையில் மோசம், போகப்போகச் சரியாகிறது என்றால் சக்‌ஷன் அடைப்பையோ தவறான ஆயிலையோ சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, சமீபத்தில் யார் என்ன செய்தார்கள்? ஹோஸ் மாற்றினார்களா, ஆயில் ஊற்றினார்களா, யாராவது ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவைத் திருகினார்களா? கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைப்பது கஷ்டம். லாக் நட்டில் பெயின்ட் உரிந்து புதுத் தடம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

டேங்க்கைத் திறந்து பாருங்கள்

ஆயில் லெவலை எல்லா சிலிண்டரும் உள்ளே இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். பூம் மேலே இருக்கும்போது பார்த்து, "ஆயில் குறைந்துவிட்டது" என்று ஊற்றி, பிறகு பூமை இறக்கும்போது பிரீதர் (டேங்க்கின் காற்றுத்துளை) வழியே ஆயில் பொங்குவது அடிக்கடி நடப்பது.

கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீரோ காற்றோ கலந்திருக்கிறது. அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் காற்று மேலேறிப் போய்த் தெளிந்துவிடும், தண்ணீர் என்றால் வெளுப்பு போகாது. சந்தேகம் இருந்தால் சூடான தட்டில் ஒரு சொட்டு விடுங்கள், தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். கருத்து, தீய்ந்த வாடை வந்தால் ஆயில் நெடுநாள் சூட்டில் வெந்திருக்கிறது. வடிகட்டியைப் பிரித்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பித்தளை நிறத் துகள் மின்னினால் பம்ப் புஷ் அல்லது மோட்டார் பக்கம், கறுப்பு ரப்பர்த் துணுக்கு வந்தால் சீல் அல்லது ஹோஸின் உள்சுவர்.

"ஆயில் சுத்தமாத்தானே இருக்கு" என்ற பேச்சை நம்பாதீர்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியும் துகள் சுமார் 40 மைக்ரான். ஸ்பூலுக்கும் வால்வு பாடிக்கும் உள்ள இடைவெளியோ அதில் நாலில் ஒரு பங்குதான் இருக்கும். கெடுக்கிற அழுக்கு கண்ணுக்கே தெரியாது.

இனி காது. பம்ப் சத்தம் போடுவதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள், இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் குழப்பம். ஆயில் போதாமல் பம்ப் உறிஞ்சித் தவிக்கும்போது ஒரே சீராக ஊளையிடும், டேங்க்கில் நுரை இருக்காது. சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் அடைப்பு, உள்ளே உரிந்து மடங்கிய சக்‌ஷன் ஹோஸ், அடைத்த பிரீதர் ஆகியவற்றைப் பாருங்கள். காற்றையும் சேர்த்து உறிஞ்சினால் டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியது போல் கடகடக்கும், டேங்க்கில் நுரை தளும்பும், லீவர் போட்டதும் பூம் துள்ளித் துள்ளி எழும். என்ஜின் ஓடும்போது சக்‌ஷன் லைனின் ஒவ்வொரு கிளாம்ப் மேலும் கொஞ்சம் ஆயில் விட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் விட்டதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் காற்று நுழைகிறது. வெளியே ஒரு சொட்டு கூடக் கசிந்திருக்காது, உள்ளே இழுப்பதால் கசியவும் கசியாது. எங்கேயும் மாறவில்லை என்றால் பம்ப் ஷாஃப்ட் சீலைச் சந்தேகப்படுங்கள்.

சக்‌ஷனில் ஒரு வெற்றிடக் கேஜ் மாட்ட முடிந்தால் விவாதமே வேண்டாம். பெரும்பாலான கியர் பம்புகள் 0.3 பார் வெற்றிடம் வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் புது பம்ப் போட்டாலும் சீக்கிரமே தின்றுவிடும்.

மின்சாரத்தை மறக்காதீர்கள்

புது வண்டிகளில் சேஃப் லோடு இண்டிகேட்டரும் ஹூக் மேலே முட்டாமல் தடுக்கும் சுவிட்சும் இருக்கும். இவை ஒரு சாலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் இயங்குவது) மூலம் ஆயிலை டேங்க்குக்கே திருப்பிவிட்டு வேலையை நிறுத்தும். வயர் அறுந்தாலும் அதே விளைவு. திடீரென்று, ஒரே நொடியில் ஒரு வேலை செத்துப்போனால் முதலில் இங்கே பாருங்கள். பம்ப் அப்படித் திடீரென்று சாவது அபூர்வம், அதன் ஷாஃப்ட்டோ கப்ளிங்கோ முறிந்தால்தான் உண்டு. சாலினாய்டு தலையில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்தால் காந்தம் இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் ஃபியூஸ், கனெக்டர், வயர். சுவிட்சை பைபாஸ் செய்து கட்டிவைத்து வேலையைத் தொடராதீர்கள். கம்பி அறுந்து ஹூக் விழுந்த கதைகள் பலவற்றுக்கும் தொடக்கம் அந்தக் கட்டுக்கம்பிதான்.

கேஜ் மாட்டுங்கள்

0 முதல் 400 பார் வரை காட்டும், கிளிசரின் நிரப்பிய கேஜ் ஒன்று போதும். பம்புக்கும் கண்ட்ரோல் வால்வுக்கும் இடையில் டெஸ்ட் போர்ட் இருக்கும், இல்லையென்றால் ஒரு டீ ஜாயின்ட் போட்டு மாட்டுங்கள். ஆயிலை 50 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக்கொள்ளுங்கள். ஆறிய ஆயிலில் எடுத்த ரீடிங் எல்லா கோளாறையும் மூடி மறைக்கும்.

லீவர் எதையும் தொடாமல் முதல் ரீடிங். பத்து, இருபது பாருக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் ரிட்டர்ன் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது ஏதோ ஒரு ஸ்பூல் நடுவுக்குத் திரும்பவில்லை.

பிறகு லோடு இல்லாமல், பூம் கீழே இருக்க, டெலஸ்கோப்பை முழுவதும் உள்ளே இழுத்து லீவரை மூன்று நான்கு வினாடி பிடியுங்கள். ஆயிலுக்கு வேறு வழி இல்லாததால் ரிலீஃப் வால்வு திறக்கும், கேஜ் அதன் செட்டிங்கைக் காட்டும். அந்த செக்‌ஷனுக்குத் தனி ரிலீஃப் இருந்தால் குறைவாகக் காட்டலாம், மேனுவலைப் பாருங்கள். இந்தச் சோதனையை ஐடிலில் ஒரு முறை, முழு ஆர்பிஎம்மில் ஒரு முறை செய்யுங்கள். இரண்டு ரீடிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

மேனுவல் 175 பார் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐடிலிலும் 130, முழு வேகத்திலும் 130 என்றால் ரிலீஃப் வால்வு தாழ்ந்து நிற்கிறது: ஸ்பிரிங் தளர்ச்சி, சீட்டில் அழுக்கு, அல்லது யாரோ திருகியிருக்கிறார்கள். ஐடிலில் 90, முழு வேகத்தில் 170 என்றால் ரிலீஃப் மேல் பழி போடாதீர்கள். பம்ப் குறைந்த வேகத்தில் தரும் கொஞ்ச ஆயிலையும் எங்கோ உள்ளொழுக்கு தின்றுவிடுகிறது, வேகம் கூட்டினால் ஒழுக்கையும் மீறி பிரஷர் ஏறுகிறது. பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது அந்த வேலையின் பக்கத்தில் ஒழுக்கு இருக்கலாம். மற்ற எல்லா வேலையிலும் இதே கதை என்றால் பம்ப்.

கேஜ் இல்லாமல் ரிலீஃப் ஸ்க்ரூவைத் திருகும் பழக்கம் நம் தொழிலின் சாபக்கேடு. "அரை சுத்து டைட் வெச்சேன், தூக்கிடுச்சு" என்பார்கள். தேய்ந்த பம்பின் குறையை அது ஒரு மாதம் மறைக்கும். அந்த ஒரு மாதமும் கிரேன் தன் அளவைத் தாண்டிய லோடை எடுக்கும், ஹோஸும் பூமும் அதற்கான விலையைக் கொடுக்கும்.

பம்பைத் தனியாகச் சோதிக்கிறேன் என்று அதன் வெளிவாயை அடைக்கவே கூடாது. கியர் பம்புக்கு ரிலீஃப் வால்வு வெளியேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் அடைத்தால் பம்ப் பாடி வெடிக்கும்.

வேகத்தை அளப்பது

ஃப்ளோ மீட்டர் இருந்தால் நல்லது. ஒரு சுற்றுக்கு 50 சிசி தள்ளும் பம்ப் 2000 ஆர்பிஎம்மில் கணக்குப்படி நிமிடத்துக்கு 100 லிட்டர் தர வேண்டும், நல்ல நிலையில் 95 வரும். மீட்டரின் லோடு வால்வை மெல்ல மூடி 175 பாரில் பாருங்கள். பிரஷர் இல்லாமல் 95, பிரஷரில் 70 என்றால் கால்வாசி உள்ளுக்குள்ளேயே போகிறது. அந்த நிலையில் பம்பை மாற்றச் சொல்வேன்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஸ்டாப் வாட்ச். சிலிண்டர் விட்டம் 140 மிமீ, ஸ்ட்ரோக் 1500 மிமீ என்றால் கொள்ளளவு 23 லிட்டர். இரண்டு சிலிண்டருக்கு 46 லிட்டர். நிமிடத்துக்கு 95 லிட்டர் வந்தால் பூம் அடியிலிருந்து உச்சி வரை 29 வினாடியில் ஏற வேண்டும். 30 ஆனால் கவலை இல்லை. 45 ஆனால் தேட வேண்டும். லோடு இல்லாமல் ஒரு முறை, அனுமதித்த லோடில் ஒரு முறை எடுத்து ஒப்பிடுங்கள். அதற்கு முன் டேக்கோமீட்டரால் என்ஜின் ஆர்பிஎம் பார்த்துவிடுங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் தளர்ந்ததற்கு பம்ப் மாற்றிய வண்டிகள் உண்டு.

பூம் தானாக இறங்கினால்

இதற்குத்தான் அதிகப் பணம் வீணாகிறது, ஆகவே நிதானமாகப் போவோம்.

முதலில், இறங்குவது எது? ஹூக் கீழே வர மூன்று வழி இருக்கிறது: வின்ச் நழுவலாம், டெலஸ்கோப் உள்ளே வரலாம், தூக்கும் சிலிண்டர் இறங்கலாம். ஆபரேட்டர் மூன்றையும் "பூம் இறங்குது" என்றே சொல்வார். சமதளத்தில், அனுமதித்த அளவுக்குள் ஒரு லோடைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு எடுத்து, சுற்றிலும் ஆட்களை விலக்கிவிட்டு, என்ஜினை நிறுத்துங்கள். வின்ச் டிரம்மிலும் அதன் ஃபிரேமிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு, பூம் செக்‌ஷன்கள் சேருமிடத்தில் ஒரு கோடு, சிலிண்டரிலிருந்து நீளும் ராடில் டேப்பால் ஓர் அளவு. லோடு தொங்கும் முன்பே இந்த இடங்களை எட்டாத தூரத்திலிருந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து எந்தக் குறி நகர்ந்தது என்று பாருங்கள்.

நகர்ந்தது சிலிண்டர்தான் என்று தெரிந்தாலும் ஒரு சந்தேகம் பாக்கி. ஆயில் ஆறினால் சுருங்கும், ஒரு டிகிரிக்கு சுமார் 0.07 சதவீதம். 1500 மிமீ நீட்டிய சிலிண்டரில் உள்ள ஆயில் 20 டிகிரி ஆறினால் ராட் 21 மிமீ உள்ளே வரும். பூம் நுனியில் அது பல மடங்காகத் தெரியும். சாயங்காலம் பூமை உயர்த்தி நிறுத்திவிட்டுப் போய், காலையில் இறங்கியிருக்கிறது என்று வரும் புகார்கள் பலவும் இதுதான். எந்தப் பாகமும் கெடவில்லை. ஆகவே பத்து நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதே கணக்கு, ராத்திரி முழுக்க எவ்வளவு என்பது இல்லை.

சரி, பத்து நிமிடத்திலேயே இறங்குகிறது. இப்போது சீலா, ஹோல்டிங் வால்வா?

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: பிஸ்டன் சீல் முழுவதும் போனாலும், சிலிண்டரின் இரண்டு போர்ட்டும் கச்சிதமாக மூடியிருந்தால் ராட் கீழே வராது. ராட் உள்ளே வர வேண்டும் என்றால் அதன் பருமன் அளவுக்கு ஆயில் வெளியே போயாக வேண்டும். அடிப்பக்கத்திலிருந்து சீலைத் தாண்டி ராட் இருக்கும் மேல்பக்கம் போகும் ஆயிலுக்கு அங்கே முழு இடம் கிடையாது, ராட் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இரண்டு பக்கமும் பிரஷர் சமமாகி, லோடு முழுவதையும் ராடின் பரப்பளவு மட்டுமே தாங்கும். விட்டம் 140, ராட் 90 மிமீ என்றால் பரப்பு 154க்கு 64 சதுர செமீ. 120 பாரில் தாங்கிய லோடுக்கு இப்போது 290 பார் தேவைப்படும்.

அப்படியானால் சீல் போனால் ஏன் இறங்குகிறது? ராட் பக்கம் ஏறிய அந்தப் பிரஷர் ஹோல்டிங் வால்வைத் திறக்கும் பைலட் லைனுக்கும் போகிறது. பூமை இறக்க நாம் லீவர் போடும்போது ராட் பக்கப் பிரஷர்தான் ஹோல்டிங் வால்வைத் திறக்கிறது. சீல் ஒழுக்கும் அதே பிரஷரைத் தந்து, லீவர் போடாமலே வால்வைத் திறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு லோடைத் தாங்குவது கண்ட்ரோல் வால்வின் ஸ்பூல் மட்டுமே, ஸ்பூல் என்றாலே கொஞ்சம் ஒழுகும். இதனால்தான் ஒருவர் ஹோல்டிங் வால்வை மாற்றியும் நிற்கவில்லை என்பார், இன்னொருவர் கண்ட்ரோல் வால்வை மாற்றியதும் கொஞ்சம் குறைந்தது என்பார்.

ஆகவே தீர்ப்புச் சொல்லும் இடம் ராட் பக்கம். பூம் தாங்கியில் இருக்கும்போது, ராட் பக்க லைனில் 400 பார் கேஜை நீள ஹோஸோடு மாட்டுங்கள். பிறகு முன்போலவே லோடை எடுத்து, என்ஜினை நிறுத்தி, தூரத்திலிருந்து கேஜைப் பாருங்கள்.

ராட் பக்கம் பிரஷர் மெல்ல ஏறி நிற்கிறது, பூமும் இறங்குகிறது என்றால் பிஸ்டன் சீல். ராட் பக்கம் பூஜ்யத்திலேயே இருக்கிறது, பூம் இறங்குகிறது என்றால் சீல் நன்றாக இருக்கிறது. அடிப்பக்க ஆயில் ஹோல்டிங் வால்வைத் தாண்டிப் போகிறது. என்ஜின் ஓடும்போது மட்டும் ராட் பக்கம் பிரஷர் வந்து, நிறுத்தியதும் இறங்குவதும் நின்றுவிடுகிறது என்றால் ஸ்பூல் நடுவில் நிற்கவில்லை அல்லது தேய்ந்து பம்ப் பிரஷரை ராட் லைனுக்குக் கசியவிடுகிறது.

சீல்தான் என்று வந்தால், சிலிண்டரை இறக்கும் முன் உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை. பூம் முழுவதும் கீழே, சிலிண்டர் முழுவதும் உள்ளே போய் முட்டி நிற்க வேண்டும். முன்னே சொன்னபடி பிரஷரை விட்டு, ஹோல்டிங் வால்வுக்கும் கண்ட்ரோல் வால்வுக்கும் இடையிலுள்ள அடிப்பக்க ஹோஸைக் கழற்றுங்கள். கண்ட்ரோல் வால்வு பக்கத்தை அடைத்துவிட்டு, ஹோல்டிங் வால்வு பக்க வாயின் கீழ் ஒரு வாளி வையுங்கள். என்ஜினை ஓட்டி, இறக்கும் லீவரை மெல்லப் பிடித்தால் ஆரம்பத்தில் கொஞ்சம் ஆயில் வந்து நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் சீல் போயிற்று. இரண்டு சிலிண்டர் உள்ள வண்டியில் ஒவ்வொன்றாக இதைச் செய்தால், எது கெட்டது என்றும் தெரிந்துவிடும்.

ஹோல்டிங் வால்வு என்றால் பாதி நேரம் அழுக்குதான். வால்வின் உள்ளிருக்கும் காட்ரிட்ஜைக் கழற்றி, சுத்தமான டீசலில் கழுவி, காற்றடித்து, ஓ-ரிங்கும் பேக்கப் ரிங்கும் நசுங்கியோ கிழிந்தோ இருக்கின்றனவா என்று பார்த்து மாட்டுங்கள். சீட்டில் கோடு விழுந்திருந்தால் புதுசுதான். அதன் ஸ்க்ரூவைத் திருகி ஒழுக்கை நிறுத்த முயலாதீர்கள். சன் ஹைட்ராலிக்ஸ் போன்ற சில கம்பெனிக் காட்ரிட்ஜ்களில் ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகினால் செட்டிங் குறையும், லோடு விடுபடும். ரிலீஃப் வால்வுக்கு நேர் எதிர். "டைட் வைக்கிறேன்" என்று திருகியவர் பூமை இறக்கிவிடுவார்.

டெலஸ்கோப் உள்ளே வந்தாலும் இதே தர்க்கம்தான். டிரக் கிரேனில் வண்டியைத் தரையில் தாங்கும் அவுட்ரிக்கர் ஜாக் தளர்ந்தால் அதன் தலையிலுள்ள பைலட் செக் வால்வை முதலில் பாருங்கள்.

வின்ச் நழுவினால்

ஹைட்ராலிக் மோட்டார் லோடைப் பிடித்து நிறுத்தாது. எவ்வளவு புதுசானாலும் உள்ளே ஒழுகும். நிற்கும் லோடைப் பிடிப்பது பிரேக். அது ஸ்பிரிங்கால் பிடித்து, ஆயில் பிரஷரால் விடும் வகை. ஆகவே லீவர் நடுவில் இருக்கும்போது லோடு நழுவினால் மோட்டாரைப் பிரிக்காதீர்கள். பிரேக் பிளேட் தேய்ந்திருக்கிறதா, அதில் ஆயில் புகுந்ததா, ரிட்டர்ன் லைன் அடைத்து பிரேக்கில் மிச்சப் பிரஷர் தங்குகிறதா என்று பாருங்கள்.

தூக்க லீவர் போட்டதும் லோடு ஒரு கணம் சறுக்கிப் பிறகு ஏறுகிறதா? பிரேக் விட்டுவிட்டது, மோட்டாருக்கு இன்னும் பலம் வரவில்லை. மோட்டார் தேய்மானம், அல்லது வின்ச்சின் கவுன்டர்பேலன்ஸ் வால்வுக்குள் இருக்கும் செக் ஒழுக்கு. மோட்டாருக்கு கேஸ் டிரெய்ன் ஹோஸ் (உள்ளொழுக்கு ஆயிலை டேங்க்குக்குக் கொண்டுபோவது) இருந்தால் அதை வாளியில் விட்டு ஒரு நிமிடம் பிடித்து, மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

சூடும் நடுக்கமும்

60 டிகிரி வரை ஆயிலுக்கு நிம்மதி. 80ஐத் தாண்டினால் சீலும் ஆயிலும் சேர்ந்து கெடும். நிமிடத்துக்கு 100 லிட்டர் ஆயில் 175 பாரில் ரிலீஃப் வழியாகப் போனால் 29 கிலோவாட் சூடாக மாறுகிறது. சிலிண்டர் முட்டிய பிறகும் லீவரை விடாத ஆபரேட்டர் ஒரு ஹீட்டரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சூடே தேடுவதற்கும் உதவும். 100 பார் பிரஷர் வேலை செய்யாமல் வீணானால் ஆயில் சுமார் 6 டிகிரி சூடேறும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒவ்வொரு வால்வின் உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் அளந்துகொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் பத்து டிகிரி தாவினால் ஒழுக்கு அங்கே. பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி பொய் சொல்லும், கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளவெடுங்கள்.

பூம் நீளும்போது தடதடவென்று அதிர்ந்தால் ஹைட்ராலிக்ஸை விட்டுவிட்டு முதலில் பூம் பகுதிகள் உரசும் வியர் பேடுகளுக்கு கிரீஸ் வையுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இறக்கும்போது மட்டும் அதிர்ந்தால் காற்று இருக்கலாம், அல்லது ஹோல்டிங் வால்வு திறந்து திறந்து மூடுகிறது.

சரிசெய்த பிறகு

பம்ப் உடைந்திருந்தால் புது பம்பை மட்டும் மாட்டாதீர்கள். பழையதன் துகள்கள் வால்விலும் சிலிண்டரிலும் டேங்க்கிலும் இருக்கின்றன. டேங்க்கைத் திறந்து துடையுங்கள், பஞ்சு பிரியும் வேஸ்ட் துணியால் வேண்டாம். எல்லா ஃபில்டரையும் மாற்றுங்கள். புது ஆயிலைக்கூட பேரலிலிருந்து நேராக ஊற்றாமல் ஃபில்டர் வழியே ஏற்றுங்கள், சீல் உடைக்காத பேரலிலும் இந்த மெஷின்களுக்கு வேண்டிய சுத்தம் இருப்பதில்லை. ஸ்டார்ட் செய்யும் முன் பம்புக்குள் ஆயில் நிரப்பி, ஐடிலில் லோடு இல்லாமல் எல்லா சிலிண்டரையும் பல முறை நீட்டி மடக்குங்கள். கொஞ்ச நாள் ஓடியதும் ஃபில்டரை இன்னொரு முறை மாற்றுங்கள்.

ஹோல்டிங் வால்வு, தூக்கும் சிலிண்டர், வின்ச் பிரேக் இவற்றில் எதைத் தொட்டிருந்தாலும், கிரேனைச் சோதித்துச் சான்று தரும் தகுதியுள்ளவரை வைத்து லோடு டெஸ்ட் எடுத்த பிறகே வண்டியை வேலைக்கு அனுப்புங்கள். நியூட்ரல் பிரஷர், ஐடிலிலும் முழு வேகத்திலும் ரிலீஃப் ரீடிங், பூம் ஏறும் வினாடிகள், பத்து நிமிடத்தில் ராட் நகரும் மிமீ, ஆயில் சூடு ஆகியவற்றை அன்றே எடுத்து, தேதியோடு எழுதி கேபினில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை போன் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த வண்டியின் சொந்த நம்பர்கள் கையில் இருக்கும்.